கயிறு இழுத்து கை வலிச்சாச்சா? பழைய மோட்டார் படகின் எரிபொருள் பாதையைப் படிப்போம்



ஐ.சி. என்ஜின் பாடத்தில் கார்புரேட்டர் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, 13 மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதின அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இப்போ அதே பாடத்திலிருந்து வேற மாதிரி ஒரு கேள்வி. கரையில் ஒரு ஃபைபர் படகு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்பக்கம் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டார். கயிறை இருபது தடவை இழுத்தாச்சு, என்ஜின் உறுமக்கூட இல்லை. கையில் ஒரு ஸ்பேனர் செட் இருக்கிறது. முதலில் எதைக் கழற்றுவீர்கள்?

"கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவேன்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அதற்கு அடுத்து, "பிளக்கை மாத்துவேன்". இரண்டும் தவறான வேலை இல்லை. ஆனால் இரண்டுமே ஊகம். ஊகத்தில் பாகத்தை மாற்றுவது பழுது கண்டுபிடிப்பது ஆகாது. அது லாட்டரி. சில சமயம் விழும், பல சமயம் பர்ஸ் காலியாகும்.

இந்தக் கட்டுரையின் நோக்கம் ஒன்றே ஒன்று. எரிபொருள் டேங்கிலிருந்து சிலிண்டர் வரை போகும் பாதையை மனதில் வரைந்து, ஒவ்வொரு சோதனையிலும் அந்தப் பாதையில் பாதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்குவது எப்படி என்று பார்ப்பது. ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.

இது ஏன் வெறும் தொந்தரவு இல்லை?

ரோட்டில் பைக் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் அந்த வசதி கிடையாது. கரையோரத்தில் அலை உடையும் பகுதியைப் படகு தாண்டும்போது அதன் மூக்கு அலையைப் பார்த்து நேராக இருக்கணும். அப்படி நேராக வைத்திருப்பது என்ஜினின் தள்ளு விசைதான். அந்த இடத்தில் என்ஜின் நின்றால் சில வினாடிகளில் படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிடும். குறுக்காகக் கிடக்கும் படகை அடுத்த அலை கவிழ்த்துவிடலாம். முகத்துவாரங்களில் ஆற்று நீரோட்டமும் சேர்ந்துகொள்வதால் ஆபத்து இன்னும் அதிகம். கடலோர ஊர்களிலிருந்து வந்து நம்மோடு படிக்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள், இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

"காலையில கொஞ்சம் மக்கர் பண்ணும், நாலு இழுப்பு கூட இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும்" என்று பழகிப்போவதுதான் பெரிய பிரச்சினை. எரிபொருள் பாதையில் இருக்கும் குறை கரையில் ஸ்டார்ட்டிங் தொல்லையாகத் தெரியும். அதே குறை கடலில் என்ஜின் நிற்பதாகத் தெரியும். கரையில் வரும் மக்கரை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, காரணம் தெரியும்வரை விடக்கூடாது.

பாதையை வரைந்துகொள்வோம்

வெளியே தனி டேங்க் வைக்கும் சாதாரண அவுட்போர்ட் மோட்டாரில் எரிபொருள் இந்த எட்டு இடங்களைக் கடக்கிறது:

1. டேங்க். மூடியில் காற்றுத் திருகு, உள்ளே பிக்-அப் குழாயும் அதன் முனையில் சல்லடையும்.
2. டேங்கிலிருந்து கிளம்பும் ஹோஸ்.
3. பிரைமர் பல்ப். கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை. இரு முனையிலும் ஒருவழி வால்வு.
4. என்ஜினில் சொருகும் கனெக்டர்.
5. என்ஜினில் இருக்கும் ஃபில்டர்.
6. ஃப்யூவல் பம்ப். உள்ளே ஒரு மெல்லிய டயாஃப்ரம்.
7. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பர், நீடில் வால்வு.
8. ஜெட்டுகள்.

எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் எதில் அடைத்தாலும் விளைவு ஒன்றுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கு இது உடனே புரியும். வரிசையாக எட்டு இடம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தேட எட்டுச் சோதனை வரை ஆகலாம். நடுவில் வெட்டி வெட்டித் தேடினால் மூன்று போதும். பைனரி சர்ச் படகுக்கும் பொருந்தும். ஆனால் எல்லாச் சோதனையும் ஒரே விலை இல்லை. டேங்கை மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம், கார்புரேட்டரைப் பிரிக்க ஒரு மணி நேரம். அதனால் சுலபமான வெட்டுகளை முதலில் போடுவோம்.

தொட்டுப் பார்ப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகின் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்:

- தனி டேங்காக இருந்தால் படகிலிருந்து இறக்கி, தரையில் வைத்துத்தான் பெட்ரோல் ஊற்றணும்.
- பீடி, சிகரெட், செல்ஃபோன் சார்ஜர், ஸ்பார்க் வரும் எந்தப் பொருளும் பக்கத்தில் வேண்டாம். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.
- என்ஜின் உள்ளே பொருத்திய பெட்ரோல் படகு என்றால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் புளோயரை 4 நிமிடமாவது ஓடவிடணும்.
- தண்ணீர் இல்லாமல் அவுட்போர்ட்டை ஓட்டக்கூடாது. குளிர்விக்கும் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து ஓடினால் சீக்கிரமே கெட்டுப்போகும். கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி, ப்ரொப்பல்லரைக் கழற்றி வைத்து, நியூட்ரலில் சோதிப்பது நல்லது.

செலவே இல்லாத ஐந்து நிமிடம்

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனாலும் எந்த மெக்கானிக் அண்ணனைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்.

கில் ஸ்விட்ச் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்கில் எரிபொருள் இருக்கிறதா, அது பிக்-அப் குழாயின் முனைக்கு மேலே நிற்கிறதா? கனெக்டர் "டிக்" என்று உட்கார்ந்திருக்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா?

கடைசியாகச் சொன்ன அந்தச் சின்னத் திருகுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 24 லிட்டர் டேங்க். அதில் 20 லிட்டர் பெட்ரோல், மீதி 4 லிட்டர் காற்று. திருகு மூடியிருக்கிறது. என்ஜின் அரை லிட்டர் குடித்ததும் அந்த 4 லிட்டர் காற்று 4.5 லிட்டர் இடத்தை நிரப்பணும். பாயில் விதிப்படி அழுத்தம் 101 கிலோபாஸ்கலிலிருந்து சுமார் 90-க்கு இறங்கும். அந்த 11 கிலோபாஸ்கல் குறைவு, பெட்ரோலைக் கூடுதலாக ஒன்றரை மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமம். பம்ப்புக்கு வழக்கமான வேலையே அரை மீட்டர், முக்கால் மீட்டர் தூக்குவதுதான். பெட்ரோல் ஆவியின் அழுத்தம் கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால் உண்மையான குறைவு இந்தக் கணக்கைவிடச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனாலும் என்ஜின் பட்டினி கிடக்க அது போதும்.

இதில் இன்னொரு வேடிக்கை. மூடிய திருகோடு டேங்க் வெயிலில் கிடந்தால் நேர்மாறாக நடக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, பெட்ரோலை நீடில் வால்வையும் மீறித் தள்ளும். கார்புரேட்டர் வழிந்து, பிளக் நனைந்து, அப்போதும் ஸ்டார்ட் ஆகாது. ஒரே திருகு, இரண்டு எதிர் நோய்கள். அதனால்தான் "ஸ்டார்ட் ஆகலை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதல் வெட்டு: இது எரிபொருள் பிரச்சினைதானா?

என்ஜின் ஓட எரிபொருள், ஸ்பார்க், கம்ப்ரஷன் மூன்றும் வேணும். எரிபொருள் பாதைக்குள் நுழைவதற்கு முன் மற்ற இரண்டையும் ஓரளவு தள்ளிவைக்கணும்.

பல தடவை கயிறு இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் சிலிண்டருக்கு எரிபொருள் வரவில்லை. பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது. ஒன்று அளவுக்கு மீறி வந்திருக்கு, இல்லை ஸ்பார்க் இல்லை, இல்லை வந்தது எரியக்கூடிய பெட்ரோலாக இல்லை.

ஸ்பார்க்கைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. இல்லையென்றால் பிளக்கின் உலோகப் பகுதியை என்ஜின் பிளாக்கோடு உறுதியாகத் தொடவைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து இழுக்கணும். நனைந்த சிலிண்டரின் துளைக்குப் பக்கத்தில் ஸ்பார்க் விடுவது விபத்தை விலைகொடுத்து வாங்குவது மாதிரி.

ஸ்பார்க் இருக்கு, பிளக் காய்ந்திருக்கு என்றால் அடுத்தது இது. ஆயில் கலந்த பெட்ரோலை 2, 3 மி.லி. மட்டும் பிளக் துளை வழியாக விட்டு, சிந்தியதைத் துடைத்து, ஆவி போக நேரம் கொடுத்து, பிளக்கை மாட்டி இழுங்கள். என்ஜின் "டுர்ர்" என்று இரண்டு வினாடி ஓடி நின்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் ஓரளவு சரி. எரிபொருள் வரும் வழிதான் கெட்டிருக்கு. ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது என்பதை மறந்துடாதீங்க.

இரண்டாவது வெட்டு: பிரைமர் பல்ப் பேசும் மொழி

பாதையின் நடுவே உட்கார்ந்திருக்கும் பல்ப்தான் நம்முடைய சிறந்த அளவுக்கருவி. அம்புக்குறி என்ஜினைப் பார்த்தபடி, என்ஜின் பக்கத்து முனை மேலே இருக்குமாறு பிடித்து அமுக்குங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வுகள் சரியாக உட்காரும்.

*பல்ப் கல்லு மாதிரி இறுகினால்:* எரிபொருள் டேங்கிலிருந்து பல்ப் வரை வந்துவிட்டது. சந்தேகம் இனி என்ஜின் பக்கம். ஆனால் அவசரப்பட வேண்டாம். கனெக்டர் சரியாகச் சொருகப்படாமல் அதன் உள்வால்வு மூடியிருந்தாலும் பல்ப் இறுகும். அதனால் கனெக்டரை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டு மறுபடி அமுக்குங்கள்.

*எவ்வளவு அமுக்கினாலும் இறுகாவிட்டால்:* மூன்று வாய்ப்பு. டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் காற்று உள்ளே வருகிறது. பல்பின் வால்வு தேய்ந்துவிட்டது. அல்லது நீடில் வால்வு திறந்தபடியே சிக்கி, எரிபொருள் கார்புரேட்டரில் வழிந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதைப் பெட்ரோல் வாசனையும் சொட்டும் காட்டிக்கொடுக்கும்.

*இறுகிய பல்ப் சில நிமிடத்தில் தானாகத் தளர்ந்தால்:* எங்கோ கசிவு, இல்லை வால்வு வழியாக எரிபொருள் டேங்குக்கே திரும்புகிறது.

*என்ஜின் ஓடும்போது பல்ப் சப்பையாக உறிஞ்சப்பட்டால்:* பம்ப் நன்றாக இழுக்கிறது, பின்னால் வழி அடைத்திருக்கிறது. காற்றுத் திருகு, பிக்-அப் சல்லடை, ஹோஸ் இந்த மூன்றைப் பாருங்கள்.

*பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் என்ஜின் ஓடினால்:* உங்கள் கைதான் இப்போ பம்ப்! பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்றுக் கசிவு இருக்கலாம்.

இங்கே நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த ஒரு விஷயத்தை நினைவுபடுத்திக்கொள்ளணும். என்ஜின் ஓடும்போது டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லையே, எல்லாம் காய்ஞ்சிருக்கே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். பல்பை அமுக்கும்போது மட்டும் பல்புக்கு அப்பால் உள்ள பாதையில் அழுத்தம் கூடும். அப்போது அந்தப் பக்கத்து ஓட்டை ஈரமாகத் தன்னைக் காட்டும். டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் இருப்பது அப்போதும் காட்டாது. அதற்கு அடுத்த சோதனை.

மூன்றாவது வெட்டு: கடன் வாங்கிய டேங்க்

பக்கத்துப் படகிலிருந்து நன்றாக வேலை செய்யும் டேங்க், ஹோஸ், பல்ப் மூன்றையும் ஒரு செட்டாக வாங்கி (கனெக்டர் வகையும் ஆயில் கலவை விகிதமும் பொருந்தணும்), உங்கள் என்ஜினில் மாட்டுங்கள். என்ஜின் ஒழுங்காக ஓடினால் முதல் நான்கு இடங்களில் ஒன்றில் பழுது. ஓடாவிட்டால் கடைசி நான்கில். ஒரே சோதனையில் பாதிப் பட்டியல் காலி!

*டேங்க் பக்கம் பழுது என்றால்* பிக்-அப் சல்லடை, ஹோஸ் கிளாம்புகள், கனெக்டரின் ஓ-ரிங் எல்லாவற்றையும் பாருங்கள். பழைய படகுகளுக்கே உரிய ஒரு குறும்பு ஹோஸின் உள்தோல் உரிவது. வெளியே பளபளப்பாக இருக்கும். வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போகும். ஆனால் உறிஞ்சும்போது உரிந்த தோல் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். ஊதிப் பார்த்து "ஹோஸ் நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துடாதீங்க.

*என்ஜின் பக்கம் பழுது என்றால்* வரிசை இது:

ஃபில்டர்: கிண்ணத்தில் தண்ணீரோ அழுக்கோ தெரிகிறதா?

பம்ப்: டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் அழுத்தம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். அந்தத் துடிப்புதான் டயாஃப்ரத்தை ஆட்டி எரிபொருளை இழுக்கிறது. டயாஃப்ரத்தில் ஊசித்துளை விழுந்தாலும் பம்ப் திறன் போய்விடும். அதோடு அந்தத் துளை வழியாக எரிபொருள் நேரே கிராங்க்கேஸுக்குள் போய், ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.

கார்புரேட்டர்: பிரிப்பதற்கு முன் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் நீடில் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், இல்லை பம்ப் தரவில்லை. நன்றாக வந்தால் ஜெட்டுகளைச் சந்தேகியுங்கள். அடியில் தண்ணீர்க் குமிழ் உருண்டால் காரணம் கையில் கிடைச்சாச்சு.

ஜெட்டுகளில் ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்தான் மிகச் சிறிய துளை கொண்டது. அதுதான் முதலில் அடைக்கும். அடையாளம்: சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் நிற்கும், த்ராட்டில் கொடுத்தபடி வைத்தால் ஓடும்.

சுத்தம் செய்யக் கம்பியை உள்ளே விடாதீங்க. பித்தளை மென்மையானது. ஓட்டம் துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மி.மீ. துளையை 1.05 மி.மீ. ஆக்கினால் பரப்பு சுமார் 10 சதவீதம் கூடிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். எதிர்த்திசையில், பாதி அடைத்த ஜெட்டோடு "எப்படியோ ஓடுதே" என்று விடுவதும் ஆபத்து. எரிபொருள் குறைந்தால் மசகு எண்ணெயும் குறையும், எரிப்புச் சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நனைந்த பிளக்: வழிந்துவிட்டால் என்ன செய்வது?

சோக் என்பது காற்றைக் குறைத்து எரிபொருள் விகிதத்தைக் கூட்டும் தந்திரம். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோலில் கொஞ்சம்தான் ஆவியாகும் என்பதால் அது தேவை. சூடான என்ஜினுக்கும் அதையே போட்டு இழுத்தால் வழிந்துவிடும். அப்படி ஆனால் சோக்கை எடுத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, பிளக் வயரை எர்த் செய்து, கில் ஸ்விட்ச் கிளிப்பையும் எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுதும் திறந்து எட்டு பத்து தடவை இழுங்கள். ஈரம் வெளியேறிய பிறகு பிளக்கையும் கிளிப்பையும் மாட்டி, த்ராட்டிலை ஸ்டார்ட்டிங் இடத்துக்குத் திருப்பி, சோக் இல்லாமல் முயற்சி செய்யுங்கள். மறுபடி மறுபடி வழிந்தால் நீடில் வால்வையும் ஃப்ளோட் உயரத்தையும் பார்க்கணும்.

பாதை சரி, பெட்ரோல் சரியா?

செகண்ட் ஹேண்ட் படகுகளில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டியது அந்தப் பகுதிதான். மிச்சம் பிசினாகி ஜெட்டில் ஒட்டும்.

அடுத்தது எத்தனால். இப்போ நம் நாட்டு பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பிக்-அப் குழாய் இருப்பதும் அடியில்தான்! அதோடு, பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 மடங்கு காற்று தேவை என்றால் எத்தனாலுக்கு 9 மடங்குதான். அதே ஜெட்டில் எத்தனால் கூடினால் கலவை மெலியும். பெரும்பாலான அவுட்போர்ட் தயாரிப்பாளர்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. பழைய ஹோஸின் உள்தோல் உரிவதிலும் எத்தனாலுக்குப் பங்குண்டு.

லேபில் செய்து பார்க்க ஒரு சோதனை: 100 மி.லி. அளவுக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல் விட்டு, மூடி, மெல்லக் குலுக்கி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். கீழடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 25-க்குப் பக்கத்தில் ஏறினால் கிட்டத்தட்ட இ20.

கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்ட்டுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவி தரும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேணும். நேற்று மண்ணெண்ணெயிலேயே ஓட்டி நிறுத்தியிருந்தால் ஃப்ளோட் சேம்பரில் மிச்சம் இருப்பது மண்ணெண்ணெய். காலையில் குளிர்ந்த என்ஜின் அதை வைத்து என்ன செய்யும்? சேம்பரை வடித்துவிட்டுப் பெட்ரோலை ஏற்றினால் தீரும். தினமும் கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

ஒரு கேஸ் நடத்திப் பார்ப்போம்

இப்படி வைத்துக்கொள்வோம். காலையில் என்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடத்தில் மெல்லச் சாகிறது. மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஐந்து நிமிடம் விட்டால் ஓடுகிறது. என்ஜின் சாகும்போது பல்ப் சப்பையாக இருக்கிறது.

சப்பையான பல்ப் என்பதால் பம்ப்பைக் குறை சொல்ல முடியாது. கார்புரேட்டரையும் விட்டுவிடலாம். காற்றுத் திருகு? திறந்துதான் இருக்கு, மூடியையே தளர்த்தி வைத்து ஓட்டினாலும் அதே கதை. கடன் வாங்கிய செட்டை மாட்டினால் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. ஆக, டேங்க் பக்கம்தான். இப்போ நல்ல டேங்க்கில் நம் பழைய ஹோஸை மாட்டினால் மறுபடி பத்து நிமிடத்தில் நிற்கிறது. டேங்க்கும் விடுதலை! மிச்சம் ஹோஸ்தான். நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் உள்ளே உரிந்து தொங்கும் தோல்.

நான்கு சோதனை, ஸ்பேனர் கிட்டத்தட்டத் தேவையே படவில்லை. மாற்ற வேண்டியது ஒரு ஹோஸ். ஊகத்தில் போயிருந்தால் கார்புரேட்டர் சர்வீஸ், பம்ப் கிட், புது பிளக் என்று செலவு செய்து, "எல்லாம் மாத்தியாச்சு" என்ற நம்பிக்கையோடு அதே ஹோஸுடன் கடலுக்குப் போயிருப்போம். காசு போனதைவிட அந்தப் பொய்யான நம்பிக்கைதான் பெரிய ஆபத்து.

இந்த முறை டீசல் என்ஜின் வைத்த வள்ளங்களுக்கும் பொருந்தும். அங்கே பாதையில் கொஞ்சம் காற்று புகுந்தாலே இன்ஜெக்டருக்குத் தேவையான அழுத்தம் வராது. டேங்க் காலியாக ஓடின பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் காற்றை வெளியேற்றணும். பாகங்கள் வேற, கேள்வி ஒன்றுதான்: எதுவரை சரியாக வந்திருக்கிறது?

சரிசெய்தாச்சு, கடலுக்குப் போகலாமா?

உடனே வேண்டாம். இந்த நான்கும் முடியட்டும்:

1. மூன்று நாள் தொடர்ந்து, காலையில் முழுதும் குளிர்ந்த நிலையில் சில இழுப்புகளுக்குள் ஸ்டார்ட் ஆகணும்.
2. அமைதியான நீரில், கரைக்குப் பக்கத்தில், சுமையோடு அரை மணி நேரம் ஓடணும்.
3. சூடான என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யணும்.
4. என்ன பழுது, எந்தச் சோதனையில் தெரிந்தது, என்ன மாற்றினோம் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதணும். அடுத்த முறை அந்த நோட்டுதான் முதல் கருவி.

இதெல்லாம் செய்த பிறகும் படகில் துடுப்பு, நங்கூரமும் போதுமான கயிறும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கணும். என்ஜின் நின்றால் முதல் வேலை ஸ்டார்ட்டர் கயிறை இழுப்பது இல்லை. ஆழம் இடம் கொடுத்தால் முதலில் படகின் மூக்கிலிருந்து நங்கூரத்தை இறக்குங்கள். அது படகை அலைக்கு நேராகப் பிடித்து வைக்கும். அதற்கப்புறம் காற்றுத் திருகிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உங்கள் ஊரிலோ உறவிலோ ஸ்டார்ட்டிங் தொல்லையோடு ஒரு படகு இருந்தால், இந்த செமஸ்டர் லீவில் போய்ப் பாருங்க. கையில் பேப்பரும் பென்சிலும் எடுத்துட்டுப் போங்க. எட்டு இடத்தையும் வரைந்து, ஒவ்வொரு சோதனைக்கும் அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் அடிபடாமல் நிற்பது எதுவோ, அதைத் தான் கழற்றணும்.